பந்துவீச்சில் மனவலிமை

இக்கட்டுரை துடுப்பாட்டப் பந்துவீச்சு பற்றியது. மரக்குச்சிகளை உருட்டி வீழ்த்தும் உள்ளரங்க விளையாட்டு பற்றியது அன்று.

பந்துவீச்சில் மனவலிமை என்பது, துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்) பந்துவீச்சாளர் ஒருவர் தன் திறன் மீது நம்பிக்கை கொண்டு, அடுத்த பந்தில் மட்டும் கவனம் செலுத்தி, தோல்விக்குப் பின்னும் நிதானமாகச் செயற்படும் ஆற்றலைக் குறிக்கும். இது பிறவிக் குணம் அன்று என்றும், உடற்பயிற்சியைப் போலவே பழக்கத்தால் வளர்த்துக்கொள்ளக் கூடியது என்றும் விளையாட்டு உளவியல் கருதுகிறது. சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில் உள்ள கல்லூரிகளில் பயின்ற வருண் சக்கரவர்த்தி, ரவிச்சந்திரன் அஸ்வின் ஆகிய இருவரின் விளையாட்டு வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும். இருவரும் சிறுவயதில் பந்துவீச்சாளர்களாக அறியப்பட்டவர்கள் அல்லர். இருவரும் இந்திய அணியில் இடம் பெற்று, அதனை இழந்து, பின்னர் மீட்டெடுத்தவர்கள்.

பந்துவீச்சின் தனித்தன்மை

துடுப்பாட்டத்தில் ஒவ்வொரு பந்தும் பந்துவீச்சாளரின் செயலால் தொடங்குகிறது. மட்டையாளர் வரும் பந்துக்கு எதிர்வினை ஆற்றுகிறார். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து ஏறத்தாழ அரை நொடியில் அவரை அடைந்துவிடும் என்பதால், அவருக்குச் சிந்திக்க நேரம் இல்லை. பந்துவீச்சாளரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே அவர் திரும்பி நடக்க வேண்டும். அந்த நேரத்தில் திட்டமிடலாம், வருந்தவும் செய்யலாம். பந்துவீச்சின் உளவியல் சிக்கல்கள் பலவும் இந்த இடைவெளியில்தான் தோன்றுகின்றன.

மட்டையாளர் ஒரு தவறு செய்தால் ஆட்டமிழந்து வெளியேறிவிடுவார். பந்துவீச்சாளர் தவறு செய்தால் அதே ஓவரின் மீதிப் பந்துகளை அவரே வீசி முடிக்க வேண்டும். முதல் பந்தில் ஆறு ஓட்டங்கள் கொடுத்தவருக்கு இன்னும் ஐந்து பந்துகள் எஞ்சியிருக்கும். அகலப்பந்தோ நோ-பாலோ வீசினால் பந்துகளின் எண்ணிக்கை மேலும் கூடும். காயம் போன்ற காரணம் இல்லாமல் ஓவரை இடையில் நிறுத்த இயலாது. ஆகவே, தவறிலிருந்து சில நொடிகளுக்குள் மீளும் திறன் பந்துவீச்சாளருக்கு அடிப்படைத் தேவை ஆகிறது.

மேலும், பந்துவீச்சு பல தசைகள் குறித்த வரிசையில் இயங்கும் செயல். ஓடிவருதல், தாவுதல், முன்காலை ஊன்றுதல், கையைச் சுழற்றுதல், மணிக்கட்டையும் விரல்களையும் கொண்டு பந்தை விடுவித்தல் ஆகியவை இடையறாது நிகழ வேண்டும். அச்சத்தால் தசைகள் இறுகினால் இந்த வரிசை குலையும். பந்து விடுபடும் கணம் சிறிதளவு மாறினாலும், 20.12 மீட்டர் நீளமுள்ள ஆடுகளத்தின் மறுமுனையில் அது விழும் இடம் வெகுவாக மாறிவிடும்.

தன்னம்பிக்கை உருவாகும் விதம்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977 இல் வெளியிட்ட தன்திறன் நம்பிக்கைக் கோட்பாடு விளையாட்டுத் துறையில் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு செயலைத் தன்னால் செய்ய இயலும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்று அவர் கூறினார்.

1. சொந்த வெற்றி அனுபவம். முன்பு செய்து முடித்த செயலே மிக வலுவான சான்று. வலைப் பயிற்சியில் குறித்த இடத்தில் பலமுறை பந்தை விழச் செய்தவர், போட்டியிலும் அதனைச் செய்ய முடியும் என நம்புகிறார்.

2. பிறரைக் கண்டு பெறும் அனுபவம். தன்னைப் போன்ற பின்னணி கொண்ட ஒருவர் வெல்வதைக் காண்பது நம்பிக்கை தரும். தன் கல்லூரியிலோ தன் ஊரிலோ இருந்து ஒருவர் இந்திய அணிக்குச் செல்லும்போது அங்குள்ள இளைஞர்கள் பெறும் ஊக்கம் இவ்வகையைச் சார்ந்தது.

3. பிறர் கூறும் ஊக்கச் சொற்கள். பயிற்சியாளரும் அணித்தலைவரும் கூறுவது பயன் தரும். ஆயினும் உண்மையான வெற்றி அனுபவம் துணை நிற்காவிடில் இதன் பயன் நீடிப்பதில்லை.

4. உடல், உணர்ச்சி நிலைகளைப் பொருள் கொள்ளும் விதம். இதயத் துடிப்பு கூடுவதை ஒருவர் அச்சத்தின் அறிகுறியாகக் கொள்ளலாம். அதையே உடல் ஆயத்தமாகிறது எனவும் கொள்ளலாம்.

இவற்றுள் முதலாவது வழியே வலிமை மிக்கது என்பதால், பந்துவீச்சாளரின் தன்னம்பிக்கை பெரும்பாலும் பயிற்சிக் களத்தில் உருவாகிறது எனலாம். போட்டி நாளன்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதால் மட்டும் அது கிடைத்துவிடுவதில்லை.

கிளர்ச்சிக்கும் செயற்றிறனுக்கும் இடையேயான தொடர்பை 1908 இல் யெர்க்சு, டாட்சன் ஆகிய இருவர் ஆராய்ந்தனர். அவர்கள் பெயரால் வழங்கும் விதியின்படி, ஓரளவு கிளர்ச்சி செயற்றிறனை உயர்த்தும்; அளவு மீறினால் தாழ்த்தும். நுட்பமான செயல்களுக்கு ஏற்ற கிளர்ச்சியின் அளவு குறைவாக இருக்கும். விரல்நுனிக் கட்டுப்பாட்டை நம்பும் சுழற்பந்து வீச்சாளருக்கும், முழு வேகத்தில் ஓடிவரும் வேகப்பந்து வீச்சாளருக்கும் ஒரே மனநிலை பொருந்தாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

பயிற்சி முறைகள்

பந்துக்கு முந்தைய ஒழுங்கு

ஒவ்வொரு பந்துக்கும் முன் ஒரே வரிசையில் சில சிறு செயல்களைச் செய்வது ஆயத்த ஒழுங்கு எனப்படும். தொடக்கப் புள்ளிக்கு நடந்து செல்லுதல், பந்தின் தையலைச் சரிபார்த்தல், ஒரு முறை ஆழமாக மூச்சு விடுதல், இலக்கை நோக்குதல், பின்னர் ஓடத் தொடங்குதல் என்பது ஓர் எளிய ஒழுங்கு. முந்தைய பந்தின் விளைவு எதுவாயினும் இவ்வரிசை மாறாது. இதனால் மனம் பழைய தவறிலிருந்து விலகி அடுத்த செயலுக்கு வருகிறது. வலைப் பயிற்சியிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடித்தால்தான் நெருக்கடியில் அது தானாக நிகழும்.

உளக்காட்சி

வீசப்போகும் பந்தை மனக்கண்ணில் முன்கூட்டியே காண்பது உளக்காட்சிப் பயிற்சி ஆகும். பந்து விழும் இடம், அது திரும்பும் விதம், கையிலிருந்து விடுபடும்போது விரல்களில் ஏற்படும் உணர்வு ஆகியவற்றைத் தெளிவாக எண்ணிப் பார்க்க வேண்டும். விளைவை மட்டும் கற்பனை செய்வதை விட, செயலின் போக்கைக் கற்பனை செய்வது பயனுள்ளது. காயத்தால் ஓய்வில் இருப்பவர்களும் இதனைச் செய்யலாம்.

தன்னுரையாடல்

ஒருவர் மனத்துக்குள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொற்கள் தன்னுரையாடல் எனப்படும். "அகலமாக வீசிவிடாதே" என்று எண்ணினால் கவனம் அகலப்பந்தின் மீதே செல்லும். "விலகு குச்சியின் உச்சி" என்று எண்ணினால் கவனம் இலக்கின் மீது செல்லும். எனவே, செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்வது நன்று. தாய்மொழியில் பழகிய ஒரு சொல்லே போதுமானது.

செயல்முறைக் குறிக்கோள்

"ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்த வேண்டும்" என்பது விளைவு சார்ந்த குறிக்கோள். பிடி நழுவுவதும், நடுவரின் தீர்ப்பும், ஆடுகளத்தின் தன்மையும் பந்துவீச்சாளரின் கையில் இல்லை. "ஓவரில் ஐந்து பந்துகளையாவது குறித்த நீளத்தில் வீச வேண்டும்" என்பது செயல்முறை சார்ந்த குறிக்கோள். இது பெரும்பாலும் அவர் கட்டுப்பாட்டில் உள்ளது. விக்கெட் கிடைக்காத நாளிலும் தன் பணியை அளந்து பார்க்க இது உதவும்.

நெருக்கடிப் பயிற்சி

கடைசி ஓவரில் எட்டு ஓட்டங்களுக்குள் எதிரணியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது போன்ற சூழலை வலைப் பயிற்சியிலேயே உருவாக்கிப் பழகுவது நெருக்கடிப் பயிற்சி ஆகும். ஈரமான பந்தைக் கொண்டு வீசுதல், களைப்புற்ற பின் வீசுதல், சக வீரர்கள் கூச்சலிடும்போது வீசுதல் ஆகியவையும் இதில் அடங்கும்.

குறிப்பேடு

பயிற்சியில் வீசிய பந்துகளின் எண்ணிக்கை, இலக்கில் விழுந்தவை, உடல்நிலை, ஆட்டத்தில் கற்றது ஆகியவற்றை எழுதி வைப்பது எளிய முறை. நினைவு, மோசமான பந்துகளையே மிகுதியாகத் தக்கவைக்கும் இயல்புடையது. எழுதி வைத்த எண்கள் அந்தச் சாய்வைத் திருத்தும்.

தென்சென்னைப் புறநகர்ச் சூழல்

சென்னையின் தெற்கே தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி தொடங்கி செங்கற்பட்டு மாவட்டத்தின் காட்டாங்குளத்தூர், காலவாக்கம் வரை பரவியுள்ள பகுதி கல்வி நிறுவனங்கள் நிறைந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937 இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. வேளச்சேரியின் குரு நானக் கல்லூரி மைதானமும், பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிவசுப்பிரமணிய நாடார் பொறியியல் கல்லூரி மைதானமும் துடுப்பாட்டப் போட்டிகளுக்கு நன்கு அறியப்பட்டவை.

தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம் நடத்தும் சென்னை லீக் பல பிரிவுகளைக் கொண்டது. கீழ்ப்பிரிவில் ஆடும் ஒருவர் சிறப்பாகச் செயற்பட்டு மேற்பிரிவுக் கழகங்களின் கவனத்தைப் பெற இயலும். 2016 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பிரீமியர் லீக் இப்பாதைக்கு மேலும் ஒரு படியைச் சேர்த்தது. இவ்வமைப்பின் உளவியல் பயன் குறிப்பிடத்தக்கது. பதின்ம வயதில் தேர்வு பெறாதவருக்கும் இருபதுகளின் நடுவில் மற்றொரு வாயில் திறந்திருக்கிறது.

தெருக்களிலும் காலி மனைகளிலும் டென்னிஸ் பந்தில் ஆடும் ஆட்டமும் இப்பகுதி இளைஞர்களின் பயிற்சிக் களமாக விளங்குகிறது. டென்னிஸ் பந்து எடை குறைந்தது. எளிதில் தூக்கி அடிக்கக் கூடியது. எனவே வேக மாற்றம், யார்க்கர், விரல்களால் பந்தைத் திருப்பும் புதிய உத்திகள் ஆகியவற்றைப் பந்துவீச்சாளர் தாமே கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. அடிபடுவது அங்கு அன்றாட நிகழ்வு என்பதால், அதனைக் கண்டு அஞ்சாத மனப்பாங்கும் உருவாகிறது.

வருண் சக்கரவர்த்தி

1991 ஆகஸ்ட் 29 இல் பிறந்த வருண் சக்கரவர்த்தி, பள்ளிப் பருவத்தில் விக்கெட் காப்பாளராகவும் மட்டையாளராகவும் ஆடினார். 17 வயதளவில் ஆட்டத்தைக் கைவிட்டு, எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் படிப்பை முடித்து, சில காலம் கட்டடக் கலைஞராகப் பணியாற்றினார். பின்னர் அப்பணியை விட்டு மீண்டும் துடுப்பாட்டத்துக்குத் திரும்பினார். முதலில் வேகப்பந்து வீசும் சகலதுறை ஆட்டக்காரராக ஆடினார். முழங்கால் காயத்தால் அதனைத் தொடர இயலாமற் போகவே, சுழற்பந்து வீச்சுக்கு மாறினார்.

2017-18 பருவத்தில் சென்னை லீக்கின் நான்காம் பிரிவில் ஜூபிலி கழகத்துக்காக ஆடி 31 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2018 இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்ற மதுரை அணியில் இடம் பெற்றார். அவ்வாண்டு திசம்பரில் நடந்த இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8.4 கோடி உரூபாய்க்கு எடுத்தது.

2019 மார்ச் 27 இல் கொல்கத்தா அணிக்கு எதிராக அவர் வீசிய முதல் ஓவரில் 25 ஓட்டங்கள் கொடுக்கப்பட்டன. ஆயினும் அதே ஆட்டத்தில் அடுத்த இரண்டு ஓவர்களில் 10 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து ஒரு விக்கெட்டையும் வீழ்த்தினார். அப்பருவத்தில் அவருக்கு வேறு ஆட்டம் அமையவில்லை. 2020 இல் கொல்கத்தா அணிக்கு மாறி 17 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவற்றுள் டெல்லி அணிக்கு எதிராக 20 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்த்தியதும் அடங்கும்.

2021 இல் இந்திய அணியில் இடம் பெற்று, அவ்வாண்டின் இருபது20 உலகக்கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களில் பந்து வீசினார். ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. இந்தியா சூப்பர் 12 சுற்றைத் தாண்டவில்லை. அதன்பின் அவர் அணியில் இடம் இழந்தார். அக்காலத்தில் மனச்சோர்வுக்கு உள்ளானதாக அவரே பின்னாளில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். 2022 ஐ.பி.எல். பருவத்தில் 6 விக்கெட்டுகள் மட்டுமே கிடைத்தன.

இதற்குப் பின் அவர் மேற்கொண்டது இக்கட்டுரையின் பொருளுக்கு முதன்மையானது. பந்தைப் பக்கவாட்டில் சுழற்றும் தன் பழைய முறையை மாற்றி, மேலிருந்து முன்னோக்கிச் சுழற்றும் முறையைக் கற்றார். வீச்சு முறையையே மாற்றுவது ஏறத்தாழ தொடக்கத்திலிருந்து கற்பதற்கு ஒப்பானது. 2023 ஐ.பி.எல். பருவத்தில் 20 விக்கெட்டுகளும், கொல்கத்தா அணி கிண்ணம் வென்ற 2024 இல் 21 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். 2024 அக்டோபரில் வங்காளதேசத்துக்கு எதிரான தொடரில், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்திய அணிக்குத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் நான்கு ஆட்டங்களில் 12 விக்கெட்டுகள் எடுத்தார். 2025 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஐந்து ஆட்டங்களில் 14 விக்கெட்டுகள் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். 2025 மார்ச்சு 2 இல், துபாயில் நியூசிலாந்துக்கு எதிரான வாகையர் கிண்ண ஆட்டத்தில் 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2021 இல் அவர் விக்கெட் இன்றித் திரும்பிய அமீரக மண்ணிலேயே இது நிகழ்ந்தது. அக்கிண்ணத்தை இந்தியா வென்றது.

ரவிச்சந்திரன் அஸ்வின்

1986 செப்டம்பர் 17 இல் சென்னையில் பிறந்த அஸ்வின், காலவாக்கத்தில் உள்ள சிவசுப்பிரமணிய நாடார் பொறியியல் கல்லூரியில் தகவல் தொழினுட்பம் பயின்றவர். சிறுவயதில் தொடக்க மட்டையாளராக இருந்தார். பதின்ம வயதில் ஏற்பட்ட காயம் ஒன்றுக்குப் பின் அவர் வலச்சுழற்பந்து வீச்சாளராக உருவானார்.

2011 நவம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தம் முதல் தேர்வுப் போட்டியிலேயே 9 விக்கெட்டுகள் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். 2013 இல் சேப்பாக்கத்தில் ஆசுதிரேலியாவுக்கு எதிராக 12 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆனால் அவ்வாண்டு திசம்பரில் ஜோகானசுபர்க்கு தேர்வுப் போட்டியில் 42 ஓவர்கள் வீசியும் ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. அடுத்த போட்டியில் அவர் சேர்க்கப்படவில்லை. 2014 ஆகஸ்ட் வரை தேர்வுப் போட்டியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபின் 2015 இல் இலங்கையில் மூன்று போட்டிகளில் 21 விக்கெட்டுகளும், அதே ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நான்கு போட்டிகளில் 31 விக்கெட்டுகளும் எடுத்து இரு தொடர்களிலும் தொடர் நாயகன் ஆனார். 2024 திசம்பரில் பன்னாட்டுத் துடுப்பாட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது 106 தேர்வுப் போட்டிகளில் 537 விக்கெட்டுகளைக் குவித்திருந்தார். இந்தியர்களுள் அனில் கும்ப்ளேக்கு அடுத்த இடம் இது. தோல்வியை ஒரு சிக்கலாகப் பிரித்து ஆராய்ந்து, பிடி, வேகம், கோணம் ஆகியவற்றைத் தொடர்ந்து சோதித்து வந்தது அவருடைய அணுகுமுறையின் சிறப்பியல்பு ஆகும்.

பிற தமிழ்ப் பந்துவீச்சாளர்கள்

சென்னையைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜி, 2004 பாக்கித்தான் சுற்றுப்பயணத்தில் பெரும்புகழ் பெற்றார். ராவல்பிண்டி தேர்வுப் போட்டியில் 7 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பின்னர் முதுகெலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவினால் நீண்ட காலம் ஆட இயலாமற் போனது. வீச்சு முறையை மாற்றிக்கொண்டு திரும்பிய அவர், 2008 மே 10 இல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். வரலாற்றின் முதல் மும்முறை வீழ்த்தலை (ஹாட்ரிக்) நிகழ்த்தினார். 2009 இல் இந்திய ஒருநாள் அணியிலும் மீண்டும் இடம் பெற்றார்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராசன், டென்னிஸ் பந்து ஆட்டத்திலிருந்து சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவு வழியாக வளர்ந்தவர். 2015 இல் தமிழ்நாட்டு அணிக்கு அறிமுகமானபின் அவரது வீச்சு முறை ஐயத்துக்கு உள்ளானது. அதனைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2020-21 ஆசுதிரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிரிசுபேனில் இந்தியா வென்ற தேர்வுப் போட்டியின் முதல் ஆட்டப்பகுதியில் 3 விக்கெட்டுகள் எடுத்தார்.

இலங்கைக் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரனின் எடுத்துக்காட்டு மிகவும் அறியப்பட்டது. 1995 திசம்பரில் மெல்பேர்ண் தேர்வுப் போட்டியில் பந்தை எறிவதாகக் கூறி நடுவர் அவருக்கு நோ-பால் வழங்கினார். இவ்வையம் பல ஆண்டுகள் அவரைத் தொடர்ந்தது. மருத்துவ, உயிர்விசையியல் சோதனைகளுக்கு அவர் தம்மை உட்படுத்திக்கொண்டார். 2010 சூலையில் காலியில், தம் கடைசித் தேர்வுப் போட்டியில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார்.

பிற நாடுகளிலும் வீரர்களிடத்தும்

2007 செப்டம்பர் 19 இல் டர்பனில் யுவராஜ் சிங், இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிரோட் வீசிய ஒரே ஓவரில் ஆறு சிக்சர்கள் அடித்தார். பிரோட்டுக்கு அப்போது வயது 21. தம் ஆயத்த ஒழுங்கில் இருந்த குறையை உணர்ந்து அதனைச் சீரமைக்க இந்நிகழ்வு தூண்டியதாக அவர் பின்னர் கூறியுள்ளார். 2023 இல் ஓய்வு பெற்றபோது அவர் 604 தேர்வு விக்கெட்டுகளைப் பெற்றிருந்தார்.

இந்தியாவின் சேத்தன் சர்மா, 1986 இல் சார்ஜாவில் கடைசிப் பந்தில் ஜாவேத் மியான்டாடிடம் சிக்சர் கொடுத்து ஆட்டத்தை இழந்தார். அடுத்த ஆண்டே நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக உலகக்கிண்ண வரலாற்றின் முதல் மும்முறை வீழ்த்தலை நிகழ்த்தினார். ஆயினும் பொதுமக்கள் நினைவில் முந்தைய பந்தே நெடுங்காலம் நின்றது. பிறர் நினைவைப் பந்துவீச்சாளரால் கட்டுப்படுத்த இயலாது என்பதற்கு இது சான்று.

எல்லோரும் மீள்வதில்லை. 2001 இல் இலார்ட்சு மைதானத்தில் நடந்த இங்கிலாந்து உள்நாட்டு இறுதியாட்டம் ஒன்றில், இலெசுட்டர்சயர் அணியின் ஸ்காட் பாசுவெல் 14 பந்துகள் கொண்ட ஓவரை வீசினார். அவற்றுள் எட்டு அகலப்பந்துகள். அவரது தொழில்முறை விளையாட்டு வாழ்க்கை விரைவில் முடிவுற்றது. பழகிய அசைவைத் திடீரெனச் செய்ய இயலாமற் போகும் இந்நிலை குழிப்பந்தாட்டம் முதலிய பிற விளையாட்டுகளிலும் காணப்படுகிறது. தானாக நிகழ வேண்டிய அசைவை ஒருவர் நெருக்கடியில் உணர்வுபூர்வமாகக் கட்டுப்படுத்த முயல்வது இதற்கான விளக்கங்களுள் ஒன்று.

அணிகளில் உளவியல் வல்லுநர்கள்

இந்திய அணி 2003 உலகக்கிண்ணத்தின்போது ஆசுதிரேலிய உளவியலாளர் சாண்டி கோர்டனின் உதவியைப் பெற்றது. 2008 முதல் 2011 வரை தென்னாப்பிரிக்காவின் பாடி அப்டன் மனநலப் பயிற்றுநராகப் பணியாற்றினார். இக்காலத்தில் இந்தியா 2011 உலகக்கிண்ணத்தை வென்றது. சென்னையில் 1987 இல் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிறுவனத்தில் டென்னிசு லில்லி, அவருக்குப் பின் 2012 முதல் கிளென் மெக்ரா ஆகியோர் பயிற்சி அளித்தனர். சர்வதேச அனுபவம் கொண்டவர்களிடம் நேரடியாகக் கற்பது, பண்டூரா கூறிய இரண்டாம், மூன்றாம் வழிகளுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

வரம்புகளும் விமரிசனங்களும்

நேர்மறை எண்ணம் திறனுக்கு மாற்று அன்று. மேலே கூறப்பட்ட வீரர்களுள் பலர் எண்ணத்தை மட்டும் மாற்றவில்லை. பந்துவீச்சு முறையையும் மாற்றினர். நம்பிக்கை அவர்களுக்குத் தந்தது, கடினமான மாற்றத்தைப் பலன் தெரியும்வரை தொடரும் பொறுமையே ஆகும்.

மனவலிமை என்ற பெயரில் வலியைப் பொறுத்துக்கொள்ளுமாறு இளம் பந்துவீச்சாளர்களை வற்புறுத்துவது தீங்கானது. வேகப்பந்து வீசும்போது முன்காலின் மீது உடல் எடையைப் போன்று பன்மடங்கு விசை தாக்குகிறது. வளரும் வயதில் அளவு மீறி வீசினால் முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்படக்கூடும். ஆகவே வீசும் ஓவர்களைக் கணக்கிடுவதும், தொடரும் முதுகுவலிக்கு மருத்துவரை அணுகுவதும் இன்றியமையாதவை. வலியைச் சொல்வது கோழைத்தனம் அன்று.

அதுபோலவே, உறக்கமின்மை, தொடர்ந்த சோர்வு, ஆர்வமின்மை ஆகியவை ஊக்கச் சொற்களால் தீராத மனநலக் குறைபாடுகளின் அறிகுறிகளாக இருக்கலாம். அத்தகையோருக்குத் தேவை மனநல மருத்துவரின் உதவியே. முன்னணி வீரர்கள் தம் மனச்சோர்வை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியுள்ளமை இவ்விடயத்தில் தயக்கத்தைக் குறைக்க உதவுகிறது.

வெற்றி பெற்றவர்களின் வரலாறுகளை மட்டும் கொண்டு முடிவு செய்வதும் பிழையாகும். அதே உழைப்பும் அதே நம்பிக்கையும் கொண்டு நான்காம் பிரிவிலேயே ஆடி முடித்தவர்கள் மிகப் பலர். வாய்ப்பு, உடல்நலம், குடும்பப் பொருளாதாரம், மைதான வசதி ஆகியவை மனவலிமைக்கு அப்பாற்பட்ட காரணிகள். இம்முறைகள் ஒருவரை இந்திய அணிக்குக் கொண்டுசெல்லும் என்ற உறுதியைத் தருவதில்லை. தன்னிடம் உள்ள திறனை நெருக்கடி வேளையிலும் வெளிப்படுத்த உதவுவதே இவற்றின் பயன் ஆகும்.

இவற்றையும் பார்க்க

துடுப்பாட்டம்
பந்துவீச்சு
சுழற்பந்து வீச்சு
விளையாட்டு உளவியல்
தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம்
முத்தையா முரளிதரன்